அழுத்தமா, குருதியோட்டமா? ஒரு நோய்ப்பெயரின் பின்னுள்ள வரலாறு

குளுக்கோமாவுக்குத் தமிழில் வழங்கும் பெயர் 'கண்நீர் அழுத்த நோய்'. ஒன்றரை நூற்றாண்டாக நீளும் ஒரு வழக்கில், ஒரு தரப்பின் வாதத்தையே தீர்ப்பாக எழுதிவிட்ட பெயர் இது.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தமது கண்நோக்கிக் கருவியை வெளியிட்ட பின்னரே, உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர்களால் தெளிவாகக் காண முடிந்தது. இந்நோயாளிகளின் பார்வை நரம்பு வட்டு குழிந்திருப்பது விரைவில் புலனாயிற்று. குழிவுக்குக் காரணம் என்ன? 1858இல் இரு விடைகள் எழுந்தன. கண்ணுள் மிகும் அழுத்தமே நரம்பிழைகளை நசுக்குகிறது என்றார் ஹைன்ரிக் முல்லர். குருதியோட்டக் குறைவே நரம்பை வாடச் செய்கிறது என்றார் எட்வர்ட் யேகர்.

முல்லரின் கருத்தே செல்வாக்குப் பெற்றது. அதற்கு அளவுகோல் துணைநின்றது. 1905இல் ஷியோட்ஸ் உருவாக்கிய அழுத்தமானி, கண்ணழுத்தத்தை எளிதில் எண்ணாக்கித் தந்தது. குருதியோட்டத்தை அளக்கவோ கருவி இல்லை. அளக்க முடிந்ததே நோயின் இலக்கணமாயிற்று.

யேகரின் தரப்புக்குச் சான்றுகள் மெல்லவே வந்தன. ஃபுளூரசீன் சாயத்தைச் சிரைவழி செலுத்தி, விழித்திரைக் குருதியோட்டத்தைப் படம்பிடிக்கும் முறையை நோவோட்னியும் ஆல்விஸும் 1961இல் வெளியிட்டனர். விழித்திரைக் குருதியின் வேகத்தை லேசர் டாப்ளர் முறையால் அளக்கலாம் என 1972இல் சார்லஸ் ரிவா குழுவினர் காட்டினர். 1991இல் அறிமுகமான ஓசிடி, 2012 அளவில் சாயமின்றியே நுண்குழாய்களைக் காட்டுமளவு வளர்ந்தது. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பதிவுசெய்தால் அசையாத திசு மாறுவதில்லை. ஓடும் குருதியணுக்களே வேறுபடுகின்றன. அவ்வேறுபாடே குழாய்களின் வரைபடமாகிறது.

இந்தியாவுக்கு இவ்விவாதம் ஏட்டளவினதன்று. சென்னை குளுக்கோமா ஆய்வில், ஊரகப் பகுதியில் திறந்தகோண வகை கண்டறியப்பட்டோருள் ஏறத்தாழ அனைவரும் தம் நோயை அதுவரை அறியாதவர்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் கண்ணழுத்தம், பரிசோதனையின்போது இயல்பான வரம்புக்குள்ளேயே இருந்தது. அழுத்தத்தை மட்டும் அளந்திருந்தால், நலமென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கக் கூடியவர்கள் இவர்கள். இழந்த பார்வையோ மீள்வதில்லை.

ஆயினும் யேகர் வென்றுவிட்டார் எனல் தகாது. நரம்பிழைகள் அழிந்தால் அவற்றின் குருதித் தேவையும் குறையும். எனவே குழாய்கள் அருகிக் காணப்படுவது நோயின் காரணமா, விளைவா என்பது இன்னும் முடியாத வினா. இயல்பழுத்த வகையிலும் அழுத்தத்தைக் குறைப்பது நோயின் போக்கைத் தணிக்கிறது என்பதை 1998இல் வெளியான கூட்டாய்வு காட்டியது. நிறுவப்பட்ட சிகிச்சை இன்றும் அழுத்தக் குறைப்பே. குருதியோட்டப் படமோ நரம்பிழைத் தடிப்பு, பார்வைப் புலச் சோதனை ஆகியவற்றோடு சேர்த்து நோக்க வேண்டிய துணைச்சான்று.

எனவே பெயரில் அழுத்தம் நிலைக்கட்டும். பரிசோதனை மட்டும் அப்பெயரோடு நின்றுவிடலாகாது; பார்வை நரம்பையும் நோக்கியாக வேண்டும்.