டாக்காவில் எடைபோடப்பட்ட ஆங்கில வாசகங்கள்

பாடநூலை எழுதுபவர் ஒருவர். பள்ளிக்கென அதைத் தெரிந்தெடுப்பவர் வேறொருவர். அதனோடு மல்லாடுபவனோ மாணவன். அம்மாணவன் பக்கம் நின்று ஆங்கில வாசகங்களை எடைபோட்டவர்களுள் முதன்மையானவர் மைக்கேல் வெஸ்ட் (1888–1973). இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து, டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக விளங்கிய ஆங்கிலேயர் அவர்.

வங்காளத்தில் இருமொழிக் கல்வி பற்றி அவர் எழுதிய நூல் 1926ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆங்கிலம் தொடங்கிய சிறுவர்களுள் மிகப் பலர் இடையிலேயே பள்ளியை விட்டுவிடுவதை அவர் கண்டார். ஆயுள் காப்புறுதியைப் பாதியில் நிறுத்தியவனுக்கும் ஏதோ ஒரு தொகை திரும்புகிறதன்றோ? அதுபோல, சில ஆண்டே படித்து நின்றவனுக்கு அப்படிப்பால் கிடைத்தது என்ன என்று அவர் வினவினார். அன்றைய வாசகங்களின்படி, ஏறக்குறைய ஒன்றுமில்லை. முழுப் படிப்பையும் முடிப்பவனுக்கென்றே அவை அமைக்கப்பட்டிருந்தன. ஒரு பக்கத்தில் புதுச் சொற்கள் வந்து குவியும். அடுத்த பக்கத்தில் அவை மீண்டும் தலைகாட்டா.

வெஸ்ட் சொற்களை எண்ணத் தொடங்கினார். ஏறத்தாழ ஐம்பது சொற்களுக்கு ஒரு புதுச்சொல், அதுவும் பன்முறை திரும்பி வரவேண்டும் என்பது அவர் வகுத்த அளவு. அவ்வளவைக் கொண்டு அவர் எழுதிய 'நியூ மெதட்' வாசகங்களை லாங்மன்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. பேச்சுக்கு முன் வாசிப்பு என்பது அவர் கொள்கை. ஆங்கிலத்தில் பேச ஆளில்லாத ஊர்ச் சிறுவனுக்கு நூலறிவே பயன்படும் என்றார். தோக்கியோவில் பணியாற்றிய ஹரால்ட் பாமரோ வாய்மொழிப் பயிற்சியே முதலில் வேண்டும் என்றார்.

ஆயினும் வெஸ்ட்டின் அளவுகோலும் குறையற்றதன்று. அவர் துணைகொண்ட தார்ண்டைக்கின் 1921ஆம் ஆண்டுச் சொற்பட்டியலில் 10,000 சொற்கள் இருந்தன. விவிலியம், ஆங்கில இலக்கியம், சிறுவர் நூல் முதலியவற்றிலிருந்து எண்ணி எடுத்தவை அவை. நெல் வயலும் ஆற்றுப் படகும் சூழ வாழ்ந்த வங்கச் சிறுவனுக்கு எச்சொல் இன்றியமையாதது என்பதை அமெரிக்கப் பட்டியல் எங்ஙனம் அறியும்? 1934இல் நியூயார்க்கில் வெஸ்ட், பாமர், தார்ண்டைக் முதலியோர் கூடிச் சொல்தேர்வை ஆராய்ந்தனர். அதன் அறிக்கை 1936இல் வந்தது. அதனைத் திருத்தி விரித்து, 1953இல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுச் சொற்பட்டியலை வெஸ்ட் வெளியிட்டார்.

இத்தனை கணக்கிலும் ஆசிரியர் எங்கே? புதிய பாடமுறை வந்தால் அதை வகுப்பில் நடத்துபவர் அவரே. சென்னை மாநிலம் 1959இல் இதனை நேரில் உணர்ந்தது. அங்கே அமைப்புமுறை ஆங்கிலத்தைக் கற்பிக்க, தொடக்கநிலை ஆசிரியர் 27,000 பேருக்கு மறுபயிற்சி தரும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. முதலில் பயின்றோர் பிறருக்குப் பயிற்சி தரவேண்டும் என்பது ஏற்பாடு. நூலை மாற்றுவது எளிது. நடத்துபவரை ஆயத்தப்படுத்துவது ஆண்டுக்கணக்கான வேலை.

வெஸ்ட்டும் இறுதியில் ஆசிரியரிடமே வந்து சேர்ந்தார். இடர்ப்பாடான சூழலில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய அவரது நூல் 1960இல் வெளிவந்தது. அவர் கருத்தில் கொண்ட வகுப்பு வசதி மிக்கதன்று: நாற்பது, ஐம்பது பிள்ளைகள், நெருக்கமான பெஞ்சுகள், கடும் வெப்பம், ஆங்கிலம் சரளமாகப் பேச வராத ஆசிரியர்.