மலை நீரின் சுவையும் வடிகட்டியின் வரலாறும்

நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று பள்ளிப் பாடநூல் கூறும். நோர்வூட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் யாழ்ப்பாணம் சென்று, அங்குள்ள கிணற்று நீரை முதன்முறை அருந்தும்போது அப்பாடநூலை நம்பமாட்டார். யாழ்ப்பாணத்தவர் மலைநாட்டுக்கு வந்தாலும் இதே கதைதான். ஊற்று நீரைப் பருகிவிட்டு, குளிர்ச்சி இருக்கிறது, குடித்த நிறைவு இல்லையே என்பார். இருவர் நாவும் பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாண நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிக் கல்சியத்தையும், கடலோரங்களில் உப்பையும் ஏற்றுக்கொண்டு வருவது. மலைநாட்டு நீரோ எளிதிற் கரையாத பளிங்குருப் பாறைகளின் மேல் விரைந்தோடி வருவது. கரைபொருள் அதில் மிகக் குறைவு. நீரின் சுவை என்பது பெரும்பாலும் அது கடந்து வந்த வழியின் சுவையே.

நோர்வூட்டைத் தொட்டுச் செல்லும் கெஹெல்கமு ஓயா பொகவந்தலாவைப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கிக் காசல்றீ நீர்த்தேக்கத்தை அடைகிறது. அணை 1965இல் நிறைவுற்றது. அதற்கு நெடுங்காலம் முன்பே இக்கரைகளில் காடழித்துக் கோப்பியும், கோப்பி நோயுற்று வீழ்ந்தபின் தேயிலையும் பயிரிடப்பட்டன. அந்த வேலைக்கெனத் திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளிலிருந்து வந்த மக்கள் தம்மோடு நீரைப் பற்றிய பழைய அறிவொன்றையும் கொணர்ந்தனர்.

அவர்கள் ஊர்களில் ஏரி நீரும் குளத்து நீரும் கலங்கியிருக்கும். கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைப்பது வழக்கம். இது நேற்று வந்த வழக்கமன்று. கலித்தொகைப் புலவர் உவமையாக எடுத்தாளும் அளவுக்குச் சங்க காலத்திலேயே ஊரறிந்த செய்தி. கொட்டையிலுள்ள பொருள் நீரில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பானையின் அடியில் படியச் செய்கிறது. சேற்று வாடையும் அதனோடு பெரிதும் அடங்கிவிடும். இலங்கையின் வறண்ட பகுதிச் சிங்கள மக்களும் இக்கொட்டையை 'இங்கினி' என்ற பெயரால் இதே பணிக்குக் கையாண்டனர்.

மலைக்கு வந்தவர்களுக்குத் தேற்றாங்கொட்டை தேவைப்படவில்லை. மூங்கிலைப் பிளந்து அமைத்த பீலியில் விழுந்த நீர் கண்ணாடிபோல் இருந்தது. (பீலி என்னும் மலையகச் சொல்லில் சிங்களச் சொல்லொன்றின் உறவு தெரியும்.) சருகும் புழுவும் விழாமலிருக்கக் குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டினால் போதும் என்று எண்ணினர். அந்த எண்ணத்திலேதான் ஆபத்து இருந்தது. தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. லயத்துக்கு மேலே இன்னொரு லயமோ மாட்டுத் தொழுவமோ இருந்தால், பீலியில் விழும் நீர் எத்துணைத் தெளிவாயினும் நோயைச் சுமக்கும். வாந்திபேதியும் சீதபேதியும் அக்கால மலைநாட்டு மக்களை வாட்டிய கொடிய நோய்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தோர் பலர் வாந்திபேதிக்கு இரையாகி வழியிலேயே மாண்டனர். பிற்காலத்தில், கப்பலேறுமுன் தொழிலாளரை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்ததும் இந்நோயின் அச்சத்தாலேயே.

நாவின் சாட்சியம் இவ்விடயத்தில் செல்லாது என்பதற்கு இலண்டன் மாநகரில் 1854ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடலாம். பிராட் வீதியிலிருந்த நீரிறைப்பானைச் சுற்றி வாந்திபேதி பரவியது. மருத்துவர் ஜோன் ஸ்னோ இறந்தோரின் இல்லங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட் என்னும் நலமான பகுதியில் ஒரு மூதாட்டி மட்டும் இந்நோயால் இறந்திருந்தார். காரணம் விளங்கவில்லை. பின்னர் அவருடைய மகனிடம் வினவியபோது உண்மை வெளிப்பட்டது: முன்பு பிராட் வீதிப் பக்கம் வாழ்ந்த அம்மூதாட்டி, அந்நீரின் சுவை வேறெங்கும் கிடைக்காதென்று நாள்தோறும் ஒரு போத்தலில் வண்டியேற்றித் தருவித்துப் பருகி வந்தார். அவரைக் காண வந்து அந்நீரை அருந்திய உறவுப் பெண்ணும் பிழைக்கவில்லை.

இலண்டனில் செல்சி நீர்க் கம்பனிக்காக ஜேம்ஸ் சிம்சன் 1829இலேயே மணற்படுகை வடிகட்டியை அமைத்திருந்தார். அந்நாளில் அதன் நோக்கம் கலங்கலை நீக்குவதே. மணல் நோயையும் தடுக்கும் என்பது 1892இல் ஐயமற விளங்கியது. அவ்வாண்டு எல்பா ஆற்று நீரை வடிகட்டாது வழங்கிய ஹம்பர்க் நகரில் 8,000 பேருக்கு மேல் வாந்திபேதியால் மாண்டனர். அதே ஆற்றின் கீழ்ப்புறத்தில், ஹம்பர்க்கின் கழிவு கலந்த நீரையே எடுத்து மணலில் வடித்து வழங்கிய அல்ட்டோனா பெரிதும் தப்பியது.

வீட்டுக்கென்று அமைந்த வடிகட்டிகளும் இக்காலத்தனவே. பாஸ்டரின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சாம்பர்லாந்து 1884இல் மெருகிடாத பீங்கான் குழாயினூடே நீரைச் செலுத்தி நுண்ணுயிரைத் தடுத்தார். ஜெர்மனியில் 1891இல் பெர்க்கபெல்ட், நுண்ணிய நீர்ப்பாசிகளின் கூடுகள் படிந்து உருவான மண்ணைச் சுட்டு, மெழுகுதிரி வடிவில் வடிகட்டி செய்தார். இன்றும் நம் வீடுகளில் இரட்டைத் தட்டுப் பாத்திரத்தினுள் இருக்கும் வெள்ளைத் திரி அவ்வழி வந்ததே. இத்திரி நீரில் மிதப்பதைத் தடுக்குமேயன்றிக் கரைந்ததைத் தடுக்காது. ஆகவே கல்சியமும் உப்பும் அப்படியே கடந்து வரும். நீரின் இயல்பான சுவை மாறாது. திரியைத் தேய்த்துக் கழுவாமல் மாதக்கணக்கில் விட்டால் மட்டும் பாசி வாடை ஏறும்.

சுவையை உண்மையில் மாற்றுவது கரி. லோவிட்ஸ் என்னும் அறிஞர் 1785இல் ருசியாவில் கரியின் நிறம்நீக்கும் ஆற்றலைக் கண்டறிந்தார். கப்பல் மாலுமிகள் மரப்பீப்பாயின் உட்புறத்தைக் கரிய வைத்து நீர் நாறாமற் காத்ததும் இதனாலேயே. மணலும் கரியும் கூழாங்கல்லும் இட்டு ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய பானைகளிலும் வாடையை உறிஞ்சுவது கரிப்பானையே.

இனித் தேயிலைக்கு வருவோம். நீரின் சுவையைத் தேயிலை வணிகரைப்போல் அறிந்தவர் எவருமிலர். கடின நீரில் தேயிலைச் சாயம் மங்கும். மேலே மெல்லிய ஆடை படரும். அந்நீரிலுள்ள கல்சியமும் தேயிலைச் சத்தும் காற்றோடு சேர்ந்து விளைவிப்பதே அவ்வாடை. மலைநாட்டு மென்னீரிலோ சாயம் தெளிந்து ஒளிரும். 1890இல் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கிய லிப்டன், பிரித்தானிய நகரங்கள் ஒவ்வொன்றின் நீருக்கும் ஏற்பத் தேயிலையைக் கலந்து விற்பதாக விளம்பரம் செய்தார். கடல் கடந்த நகரத்து நீரின் குணம் இவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்ட அக்காலத்தில், அத்தேயிலையைப் பறித்தவர் குடத்தில் விழுந்த நீரை எவர் ஆராய்ந்தார்?

அவர்களைக் காத்ததில் தேத்தண்ணீருக்கே பெரும்பங்குண்டு எனலாம். நீர் கொதித்தால் கிருமி சாகும்; சாயம் இறங்கினால் கொதித்த நீரின் சப்பென்ற சுவை மறையும். கொதிக்கும்போது நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவதாலேயே அது சப்பிடுகிறது. இரு பாத்திரங்களுக்கிடையே உயர்த்தி ஆற்றினால் காற்று மீண்டும் கலந்து சுவை ஓரளவு திரும்பும். ஆற்றித் தருவது நம் பெண்களுக்குக் கைவந்த கலையாயினும், குடிநீரை அவ்வாறு ஆற்றுவோர் அரியர்.

எளிய துணியையும் இகழ்வதற்கில்லை. வங்கதேசத்துக் கிராமங்களில் பழஞ்சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடித்ததால் வாந்திபேதி 48 வீதம் குறைந்ததாக ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003இல் அறிவித்தனர். கிருமி ஒட்டி வாழும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளைச் சேலை தடுத்துவிடுகிறது. புதுச் சேலையினும் பலமுறை துவைத்த சேலையே சிறந்தது; அதன் இழைகள் தளர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும்.

அண்மைக் காலத்து வரவு மென்சவ்வினூடே அழுத்தி வடிக்கும் முறை. 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரோடு அதனை உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த சௌரிராஜன். இச்சவ்வு கரைந்த உப்பையும் நீக்கவல்லது. சிறுநீரக நோய் மலிந்த வடமத்திய மாகாணத்தில், கடின நீரைக் குடித்துச் சலித்த மக்கள் இந்நீரை விரும்பி ஏற்றனர். உலக சுகாதார நிறுவனமும் ஒரு லீற்றரில் 600 மில்லிகிராமுக்குட்பட்ட கரைபொருள் உள்ள நீரே பொதுவாகச் சுவைக்கு நல்லதென்றும், அது மிகக் குறைந்தாலும் நீர் சப்பிடும் என்றும் கூறுகிறது. உப்பு மிக்க சமவெளிக்கு ஏற்ற இக்கருவியை மென்னீர் ஓடும் மலைநாட்டு வீட்டில் வைப்பது, இருக்கும் சிறிதளவு சுவையையும் பணம் கொடுத்துப் போக்கிக்கொள்வதாகும். இங்கு வேண்டுவது கிருமி நீக்கமே. அதற்குத் திரியும் கொதிநீரும் போதும்.

கெஹெல்கமு ஓயா நோர்வூட்டோடு நின்றுவிடுவதில்லை. காசல்றீ, நோட்டன் அணைகளைக் கடந்து மஸ்கெலியா ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகிறது. களனி நீரை அம்பத்தளையில் எடுத்துப் படிகாரமிட்டுத் தெளிவித்து, மணலில் வடித்து, குளோரின் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்புகின்றனர். பெருந்தோட்டங்களில் இன்றும் பல குடும்பங்கள் வடிகட்டப்படாத ஊற்று நீரையே குழாய் வழி பெறுகின்றன. கொழும்பு வீட்டாரோ குளோரின் வாடை பிடிக்காமல், தேங்காய்ச் சிரட்டைக் கரி அடைத்த வடிகட்டியொன்றைக் குழாயில் பொருத்தி, அதே ஆற்று நீரை இன்னொருமுறை வடித்துப் பருகுகின்றனர்.