பட்டிப்பூவும் இரத்தப் புற்றுநோயும்

வெள்ளவத்தையில் கடலோரமாகச் செல்லும் புகையிரதப் பாதையின் அருகிலும், கொட்டாஞ்சேனை வீட்டு முற்றங்களிலும், எவரும் நீர் வார்க்காமலே பூத்து நிற்பது பட்டிப்பூ. தமிழ்நாட்டார் அதனை நித்தியகல்யாணி என்பர். சுடுகாட்டு மல்லி என்பாரும் உளர். சிங்களத்தில் அதன் பெயர் மினீ மல். பிணப்பூ என்பது பொருள். மங்கலத்தையும் அமங்கலத்தையும் ஒருங்கே பெயராகப் பெற்ற செடி வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

இதன் தாயகம் மடகஸ்கார்த் தீவு. அங்கிருந்து வெப்பநாடுகள் பலவற்றுக்கும் பரவிற்று. சென்றவிடங்களில் இதன் இலையைக் காய்ச்சி நீரிழிவுக்குக் குடிக்கும் வழக்கமும் உண்டாயிற்று. அந்த வழக்கத்தைச் சோதிக்கப் புகுந்த முயற்சியே, தான் நாடிய பயனை அடையாமல், இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து காண வழிகோலியது.

1952ஆம் ஆண்டில் யமேக்காவிலிருந்து கனடா நாட்டு வைத்தியர் கிளார்க் நோபிளுக்கு ஓர் அஞ்சலுறை வந்தது. உள்ளே இருந்தவை பட்டிப்பூ இலைகள் இருபத்தைந்து. இன்சுலின் கிட்டாத வேளையில் யமேக்கா மக்கள் இதன் குடிநீரை அருந்துவர் என்பதே செய்தி. அவர் அவ்விலைகளைத் தம் சகோதரர் றொபேட் நோபிளிடம் சேர்ப்பித்தார். றொபேட் அப்பொழுது மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர்.

இலைச்சாற்றை எலிகளுக்கு ஊட்டினார்கள். இரத்தத்துச் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியே செலுத்தினார்கள். சில நாட்களில் எலிகள் இறந்தன. நீரிழிவு மருந்து தேடியவர் இந்த இடத்தில் இலைகளைக் குப்பையில் எறிந்திருக்கலாம். நோபிளோ எலிகள் ஏன் இறந்தன என்று கேட்டார். அவற்றின் உடலில் கிருமிகள் பெருகியிருந்தன. கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெண்குழியங்கள் மிகக் குறைந்திருந்தன. அவற்றை ஆக்கும் எலும்பு மச்சை ஒடுங்கியிருந்தது. வெண்குழியங்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே இரத்தப் புற்றுநோய். ஆயின், அவற்றைக் குறைக்கும் இந்த நஞ்சு அந்நோய்க்கு மருந்தாகாதோ?

1954இல் சாள்ஸ் பியர் என்னும் இரசாயன அறிஞர் நோபிளுடன் சேர்ந்தார். 1958இல் இருவரும் வின்பிளாஸ்ரின் என்னும் அற்கலோயிட்டைப் பிரித்தெடுத்தமையை வெளியிட்டனர். அதே காலத்தில் அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தின் கோர்டன் சுவபோடாவும் அதே நீரிழிவுப் பேச்சைக் கேட்டு அதே செடியைச் சோதித்திருந்தார். அங்கே இரத்தப் புற்றுநோய் கொண்ட சுண்டெலிகள் அதன் சாற்றால் கூடுதலான நாட்கள் உயிர்வாழ்ந்தன. அந்நிறுவனத்தார் பிரித்தெடுத்த வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்ணிய இழைகள் தோன்றி நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கின்றன. அவ்விழைகள் ரியூபியூலின் என்னும் புரதத்தால் ஆனவை. வின்கிறிஸ்ரின் அப்புரதத்தைப் பற்றிக்கொள்வதால் இழைகள் உருவாகா. கலம் பாதி வழியில் நின்று மடிகிறது. ஓயாது பிரியும் புற்றுநோய்க் கலங்களே பெரிதும் அகப்படுகின்றன. எனினும் தலைமயிரின் வேர்க்கலங்களும் தப்புவதில்லை. நரம்புகளும் இத்தகைய இழைகளை நம்பியிருப்பதால் கைகால் விறைப்பு உண்டாகும்.

தனி மருந்தாகக் கொடுத்தபோது நோய் ஒளிந்திருந்து மீண்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் எமில் பிறேயும் எமில் பிறைறிக்கும் 1960களின் தொடக்கத்தில் நான்கு மருந்துகளை ஒருங்கே கொடுத்துப் பார்த்தனர். வின்கிறிஸ்ரின் ஒன்று, மெதொற்றெக்சேற்று மற்றொன்று. பின்னது, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை வகித்த லெடேர்ள் ஆராய்ச்சிக்கூடத்தின் பேறு. முன்னர்ச் சில மாதங்களே வாழ்ந்த பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினர். 1962இல் மெம்பிசு நகரில் டொனால்ட் பின்கெல் தொடங்கிய சிகிச்சைமுறையால், அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் குணமடையும் நிலை வந்தது. இன்று வசதி படைத்த நாடுகளில் பிள்ளைகளுக்கு வரும் நிணநீர்க்கல இரத்தப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேரளவில் பிழைக்கின்றனர். மகரகம வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கும் இம்மருந்து இன்றியமையாதது.

ஆயினும் முற்றத்து இலையைப் பறித்துக் காய்ச்சிக் குடிப்பது பேராபத்து. ஒருமுறை கொடுக்கும் வின்கிறிஸ்ரின் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அதனையும் நாளத்தினுள்ளேயே செலுத்துவர். தவறி முதுகுத்தண்டு நீரிற் சென்றால் உயிரே போகும். இலையிலோ நூற்றுக்கு மேற்பட்ட அற்கலோயிட்டுகள் உள. எது எவ்வளவு என்பதைச் சட்டியில் காய்ச்சுபவர் அறியார்.

அந்த இலையில் மருந்துப் பகுதி மிக அற்பம். ஒரு கிராமுக்கே நூற்றுக்கணக்கான கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். மடகஸ்காரிலும் திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலும் உழவர் அதனைப் பயிரிட்டு ஏற்றுமதிக்குக் கொடுத்தனர். மருந்து விற்ற ஊதியத்தில் செடியின் தாயகமான மடகஸ்காருக்கு உரிய பங்கு கிட்டவில்லை என்ற முறைப்பாடு நியாயமானதே. 2022இல் டென்மார்க்கை மையமாகக் கொண்ட ஆராய்ச்சியாளர் மதுவத்தின் மரபணுக்களை மாற்றி, வின்பிளாஸ்ரினுக்கு வேண்டிய இரு மூலப்பொருள்களை அதிலேயே விளைவித்துக் காட்டினர். அம்முறை தொழிற்சாலையளவுக்கு வளருமாயின் இலை விற்றோரின் பிழைப்பு என்னாகும் என்பது வேறு கேள்வி.