கர்ப்பகால சுகர்: வீட்டில் இருந்தபடியே டாக்டர் கண்காணிப்பில் இருக்க முடியுமா?

ஈரோட்டிலிருந்து தாளவாடிக்கு 100 கி.மீ.க்கும் மேல். நடுவில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றில் குழந்தையோடு இருக்கும் ஒரு பெண், சுகர் அளவைக் காட்டுவதற்காக மட்டும் அடிக்கடி மலை இறங்கி வர முடியுமா? இங்கேதான் தொலைவழிக் கண்காணிப்பு கைகொடுக்கிறது.

கர்ப்பகால சர்க்கரை ஏன் வருகிறது?

நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைக் குறைக்கும். உடலால் அதை ஈடுகட்ட முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. கவனிக்காமல் விட்டால் தாய்க்கு ரத்த அழுத்தம் கூடலாம். குழந்தையின் எடை அளவுக்கு மீறி பிரசவம் சிக்கலாகலாம். பிறந்தவுடன் குழந்தைக்கு சுகர் திடீரென இறங்கலாம்.

டெஸ்ட் எப்போது?

கர்ப்பிணிகள் அனைவருக்கும் முதல் பரிசோதனையிலேயே. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால சர்க்கரை. நார்மல் என்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் டெஸ்ட்.

இதற்கு வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வருபவர்களைத் திருப்பி அனுப்பாத இந்த முறைக்குப் பின்னால் இருப்பவர் சென்னை மருத்துவர் வி.சேஷய்யா. அவரது பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

வீட்டிலிருந்து கண்காணிப்பது எப்படி?

டாக்டர் சொன்ன நேரங்களில் குளுக்கோமீட்டரில் பார்த்து, ரீடிங்கை ஆப் அல்லது போன் வழியாக மருத்துவக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பொதுவான இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழ். முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து நேரத்தைக் கணக்கிடணும். கையைக் கழுவித் துடைத்த பிறகே விரலில் குத்தணும்.

பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு குழு உருவாக்கிய ஜிடிஎம்-ஹெல்த் ஆப் இப்படித்தான் இயங்குகிறது. 2018-ல் வெளியான ஆய்வில், இதைப் பயன்படுத்திய பெண்களின் சர்க்கரைக் கட்டுப்பாடு வழக்கமான சிகிச்சைக்கு இணையாக இருந்தது.

இங்கே இ-சஞ்சீவனி இருக்கே, அது போதாதா?

அது வீடியோவில் டாக்டரிடம் பேசுவதற்கான அரசு சேவை. தினசரி ரீடிங்கைத் தானாகக் கவனிக்கும் ஏற்பாடு அல்ல.

எனவே மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ரீடிங்கை யார் பார்ப்பார்? எத்தனை நாளில் பதில் வரும்? சிக்னல் இல்லாவிட்டால் யாரிடம் சொல்வது? பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால், அனுப்பும் நம்பரால் பயனில்லை. சிக்னல் இல்லாத ஊர்களில் நோட்டில் எழுதி வைத்து, கிராம சுகாதார செவிலியரிடம் காட்டலாம்.

எப்போது நேரில் போகணும்?

ஸ்கேன், ரத்த அழுத்தப் பரிசோதனையை போனில் செய்ய முடியாது. அந்த விசிட்டுகளைத் தவறவிடக் கூடாது. குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோ, கடும் தலைவலி, பார்வை மங்கல் வந்தாலோ மெசேஜுக்குப் பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். சுகர் 70-க்குக் கீழ் போனால் 3 டீஸ்பூன் குளுக்கோஸை தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, டாக்டரிடம் பேசுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு?

பலருக்கும் சுகர் நார்மலாகிவிடும். ஆனாலும் 6 வாரத்தில் ஒரு டெஸ்ட் கட்டாயம். பிற்காலத்தில் நிரந்தர சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம் என்பதே காரணம். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளிலேயே அம்மாவுக்கும் டெஸ்ட் எடுத்துவிட்டால், இன்னொரு முறை மலை இறங்கும் அலைச்சல் மிச்சம்.