உப்பு அரித்த சுவரும் சுண்ணாம்புச் சாந்தும்

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி நம் ஆலயங்களில் அரிதாகவே பிரசங்கிக்கப்படுகிறது. வீட்டுச் சுவரில் தோஷம் காணப்பட்டால் ஆசாரியன் வந்து பார்க்க வேண்டும். ஏழு நாள் வீட்டை அடைத்து வைத்து மீண்டும் பார்க்க வேண்டும். கெட்ட கற்களைப் பெயர்த்து, பழைய பூச்சைச் சுரண்டி அகற்றிய பின்னரே புதுச் சாந்து பூச வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்கு. இவ்வொழுங்கின் பொருளைச் செங்கற்பட்டுக் கடற்கரையின் பழஞ்சுவர்கள் நமக்கு நன்கு விளக்குகின்றன.

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் துணி வாணிகத்தின்பொருட்டுத் தங்கினர். செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் அவர்கள் எழுப்பிய கோட்டையினுள், டச்சு மொழி பொறித்த கல்லறைகளை இன்றும் காண்கிறோம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய 1706க்கு முன்னரே, சீர்திருத்தத் திருச்சபை மரபினரான இம்மக்கள் சோழமண்டலக் கரையில் தங்கள் மரித்தோரை அடக்கம் செய்திருந்தனர். 1781இல் ஆங்கிலேயர் இவ்வூரைக் கைப்பற்றினர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்தியாவிலிருந்த டச்சுக் குடியிருப்புகள் அவர்கள் வசமாயின. அதே 1824இல்தான் இங்கிலாந்தில் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆகவே இக்கோட்டையைக் கட்டியோர் அந்தச் சிமெண்டை அறியாதவர்கள். இக்கோட்டை இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

இத்தகைய சுவர்களுக்குப் பீரங்கியினும் கொடிய பகைவன் உப்பே. நிலத்து ஓதம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. கடற்காற்றும் உப்பைக் கொணர்கிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, துளைகளை உள்ளிருந்தே உடைக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் கறியுப்பு மீண்டும் கரையும். குறைந்தால் மீண்டும் படிகமாகும். இப்படி மாறிமாறி நிகழ்வதால் செங்கல் பொடிப்பொடியாக உதிர்கிறது.

இவ்வுதிர்வைக் கண்டதும் சிமெண்டு பூசிவிடுவதே பலர் செய்யும் பிழை. அடர்த்தியான அப்பூச்சு ஈரத்தை வெளியேற விடாது. உப்பு பூச்சின் பின்னே செங்கல்லிலேயே தங்கிப் படிகமாகிறது. வெளியே சுவர் செம்மையாய்த் தோன்ற, உள்ளே அழிவு தொடர்கிறது. பலமற்ற சுவரைப் பூசி மறைத்தவர்களை எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தில் கண்டித்த தீர்க்கதரிசியை இங்கு நாம் நினைவுகூராதிருக்க இயலாது.

சுண்ணாம்பின் இயல்பு வேறு. அது நுண்துளைகள் உடையது. ஈரத்தை வெளியே விடும். உப்பும் அதனுடன் வந்து பூச்சிலேயே படிகிறது. சில ஆண்டுகளில் பூச்சு உதிரும், செங்கல் பிழைக்கும். உதிர்ந்ததைச் சுரண்டி மீண்டும் பூசுதலே பழுதுபார்ப்பு. நம் கொத்தர்கள் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துச் சாந்து செய்தனர். கிளிஞ்சலும் மணலும் உப்பறக் கழுவப்படாவிடில் மருந்தே நோயாகும். 1821இல் திறக்கப்பட்ட சென்னைப் புனித அந்திரேயா ஆலயத் தூண்களின் பளிங்கனைய ஒளியும் மெருகிட்ட சுண்ணாம்பினதே.

பூசுமுன் உப்பை இறக்குதலும் வேண்டும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் செங்கல்லன்று, கருங்கல்லே. எனினும் தொல்லியல் துறையினர் நனைந்த காகிதக் கூழை அதன்மேல் அப்பி, உலர்ந்தபின் உரித்தெடுக்கும் முறையால் உப்பை வெளிக்கொணர்ந்துள்ளனர். செங்கற்சுவருக்கும் இம்முறை பொருந்தும். இதற்கு நாள் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

கடலோரத்திலுள்ள நம் பழைய ஆலயங்களுக்கும் இது பொருந்தும். பண்டிகைக்குமுன் ஆலயம் புதுப்பொலிவு பெற வேண்டுமென்று சபையார் அன்புடன் ஈந்த பணமே, சிமெண்டாக மாறி முன்னோர் கட்டிய சுவரை அழித்துவிடக்கூடும். குருவானவரும் சபைக் குழுவினரும் முதலில் ஆசாரியனைப்போல் பார்க்கவும் காத்திருக்கவும் வேண்டும். ஓதம் எங்கிருந்து வருகிறதென்று அறிய வேண்டும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தரைத் தேட வேண்டும். சுவரின் கேட்டைத் தன்மேல் ஏற்று, அது நிலைக்கும்படி தான் உதிர்கின்ற அப்பூச்சு, ஊழியம் இன்னதென்பதை நமக்கும் மௌனமாய்க் கற்பிக்கிறது.