கால்வாயில் போன வீடுகள்

வடக்கே சென்னை, தெற்கே திருப்போரூர், மேற்கே வண்டலூர், கிழக்கே கோவளம் என நாலு பக்கமும் சாலை பிரியும் ஊர் கேளம்பாக்கம். சனிக்கிழமை விடிந்தால் போதும், மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் கிளம்பிய கார்கள் இங்கே வரிசைகட்டும். பின்சீட்டில் தலையணை, டிக்கியில் தண்ணீர் கேன், மடியில் எலுமிச்சை சாதம். வீட்டில் பாதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் ஆசை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. முன்பு அது சாலையில் போகவில்லை, தண்ணீரில் போனது.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் உப்பளங்களைத் தாண்டும்போது ஒரு நீர்ப்பரப்பு குறுக்கிடும். அந்தக் கழியோடு கலந்து வடக்குத் தெற்காக ஓடுவது பக்கிங்காம் கால்வாய். 1806இல் பாசில் காக்ரேன் என்பவரின் முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கப்பட்டது அது. பிறகு அரசு அதைக் கையில் எடுத்து, வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக நீட்டியது. 1876–78 பஞ்சத்தில் பிழைப்பற்றுப் போனவர்களுக்குக் கூலி கொடுக்க, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் துண்டு வெட்டப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே முழுக் கால்வாய்க்கும் நிலைத்தது. ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமில் தொடங்கி மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளம்; அதில் தமிழ்நாட்டுப் பங்கு ஏறத்தாழ 163 கிலோமீட்டர்.

இந்தக் கால்வாயின் முதல் வேலை சரக்கு. சென்னையின் அடுப்பு எரியச் சவுக்கு விறகு, சுவர் எழும்பக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, சமையலுக்கு உப்பு, மாட்டுக்கு வைக்கோல் எல்லாம் தட்டையான அடிப்பகுதி கொண்ட தோணிகளில் வந்தன. காற்று சாதகமானால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் ஒருவர் நீண்ட மூங்கிலைத் தரையில் ஊன்றித் தள்ள, இன்னொருவர் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார். கடலும் கழியும் கலக்கும் முட்டுக்காடு போன்ற இடங்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கமும் கணக்கில் வரும். கோடையில் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடும், மழைக்காலத்தில் திறக்கும்.

சரக்குத் தோணி போன வழியில் ஆட்களும் போனார்கள். மாமல்லபுரம் பார்க்க விரும்பிய வெள்ளைக்காரர்களுக்கு மர்ரே கையேடு போன்ற அந்தக் காலப் பயண நூல்கள் இந்தப் படகுப் பயணத்தைத்தான் சிபாரிசு செய்தன. அறை வைத்த படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மாலையில் ஏறிப் படுத்தால், விடியும்போது ஊர் நெருங்கியிருக்கும். படுக்கை, சாப்பாடு, சமையல்காரர் எல்லாவற்றையும் பயணிதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இருட்டில் கேளம்பாக்கத்து உப்பளங்கள் நழுவிப்போகும்; பயணி உறங்குவார்; கயிறு பிடித்தவர் நடப்பார்.

உள்ளூர்க்காரர்களுக்கும் அந்த மோகம் இருந்தது. 1934இல் ஒரு முழுநிலா இரவில் பாரதிதாசன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகேறினார். கூட வந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர்: ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி, சாமி சிதம்பரனார், நாரண துரைக்கண்ணன் என்று ஒரு பட்டாளம். பொதுவுடைமைக்காரரும் சுயமரியாதைக்காரரும் வரலாற்று ஆய்வாளரும் பத்திரிகை ஆசிரியரும் ஒரே தோணியில் இரவைக் கழித்த பயணம் அது. ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாட்டு அதிலிருந்து பிறந்தது. நிலாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை கவிஞர். படகை நகர்த்திய உழைப்பாளிகளின் பாடும் அந்தப் பாட்டில் ஏறியது.

கால்வாயில் படகுகள் ஓடிய காலத்தில் மேலைநாட்டில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஒப்பீடு சுவையானது. 1885இல் ஸ்காட்லாந்து மருத்துவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டலில் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியைச் செய்வித்தார். உல்லாசத்துக்காகவே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று அதைச் சொல்வது வழக்கம். 1907இல் பிரிட்டனில் கேரவன் கிளப் தொடங்கியது. குதிரை போய் மோட்டார் வந்ததும் அந்த வண்டிகளே மோட்டார் வீடுகளாயின. ஸ்டேபிள்ஸ் வண்டி செய்த நாளில் சென்னைவாசிக்குப் படுத்துக்கொண்டே ஊர் போகக் கால்வாய் தயாராக இருந்தது.

தண்ணீர் வழி இப்படியென்றால், தரை வழி யாத்திரைக்கு ஏனுகுல வீராசாமி நல்ல சாட்சி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த இந்தத் தெலுங்கர், 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பினார். குடும்பமும் பல்லக்குத் தூக்கிகளும் வேலையாட்களுமாகச் சுமார் நூறு பேர். திரும்பி வந்தது 1831 செப்டம்பரில். வழியில் எங்கே தண்ணீர் உண்டு, எங்கே தங்கலாம், எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று நண்பருக்கு அவர் எழுதி அனுப்பியதே பின்னால் ‘காசி யாத்திரா சரித்திர’ நூலானது. வசதி குறைந்த யாத்திரிகர் இத்தனை பரிவாரத்தோடு போக முடியாது. அவருக்குச் சத்திரம் இருந்தது: கிணறு, திண்ணை, அடுப்பு மூட்ட ஒரு மூலை. அரிசியும் பாத்திரமும் கையில் இருந்தால், மிச்ச வீட்டைச் சத்திரம் கொடுத்தது.

ரயிலும் லாரியும் வந்த பிறகு கால்வாய் தேய்ந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன, தூர்வாரலும் குறைந்தது. 1990களில் நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயிலேயே இறங்கின. 2008இல் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக இது அறிவிக்கப்பட்டும், கேளம்பாக்கம் பக்கம் பழைய தோணிப் போக்குவரத்து திரும்பவில்லை. பயணம் முழுக்கச் சாலைக்கு ஏறிவிட்டது. 2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலையானது. பழைய மாமல்லபுரம் சாலையின் சிறுசேரி வரையிலான பகுதி 2008இல் ஐ.டி. விரைவுச் சாலையாகத் திறக்கப்பட்டது.

சாலைக்கு வந்த நடமாடும் வீடு முதலில் அரசியலில்தான் பேர் வாங்கியது. கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில் பல ஆண்டுகள் நடித்த என்.டி. ராமராவ், 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். ஒரு பழைய செவர்லே வேனைச் சீர்படுத்தி ‘சைதன்ய ரதம்’ என்று பெயர் சூட்டினார். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, வண்டியின் மேலே நின்று பேசுவார். உண்பதும் உறங்குவதும் வண்டியோடுதான். 1983 ஜனவரியில் அவர் முதலமைச்சர். அதற்குப் பின் பிரசார வேன் இல்லாத தேர்தலே இல்லையென்று ஆனது.

அடுத்து வந்தது சினிமா. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் படப்பிடிப்பு நடந்தால் தூரத்திலிருந்தே தெரியும்: நீளமான வெள்ளை வண்டி, பக்கவாட்டில் இறக்கிவிட்ட படி, சற்றுத் தள்ளி இரைந்துகொண்டிருக்கும் ஜெனரேட்டர். உள்ளே ஏசி, மேக்கப் கண்ணாடி, சோபா, கழிப்பறை. சமையலுக்கோ நாலு பேர் படுக்கவோ அதில் பெரும்பாலும் வசதி இராது. ஊர் சுற்றுவதும் அதன் வேலையில்லை. நின்ற இடத்தில் நாள் முழுக்க நிற்பதற்காகச் செய்த வண்டி அது. தமிழ்நாட்டில் ‘கேரவன்’ என்றதும் பலருக்கு மனதில் வருவது இதுதான்.

நடுத்தரக் குடும்பத்தின் மோட்டார் வீடு வேறு வகை. நவக்கிரகக் கோயில்களுக்கோ அறுபடை வீடுகளுக்கோ கிளம்பும் டூரிஸ்ட் பஸ்ஸையோ டெம்போ டிராவலரையோ பார்த்தால் போதும். பின்னால் கேஸ் சிலிண்டர், அண்டா, காய்கறிக் கூடை, கூடவே ஒரு சமையல்காரர். பம்ப்செட் ஓடும் தோப்போ புளியமர நிழலோ கண்ணில் பட்டால் வண்டி ஓரங்கட்டும். ஆண்கள் அண்டாவை இறக்க, பெண்கள் காய் நறுக்க, ஒரு மணி நேரத்தில் சாம்பார் கொதிக்கும். குழந்தைகள் தொட்டியில் குளித்துவிடுவார்கள். ராத்திரிக்கு மண்டபம், இல்லையேல் சீட்டிலேயே தூக்கம். சத்திரத்தில் கிடைத்த கிணறும் அடுப்பு மூலையும் இப்போது தோப்புக்காரர் தயவில் கிடைக்கின்றன.

மேலைநாட்டு மோட்டார் வீட்டுக்கு அந்தத் தயவு போதாது. தொட்டியில் தண்ணீர் நிரப்ப, கழிவைக் கொட்ட, மின்சாரம் இழுக்க, ராத்திரி பயமில்லாமல் நிற்க ஒரு இடம் வேண்டும். கேரளம் இதை முதலில் பிடித்துக்கொண்டது. நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்களை 1990களில் சுற்றுலாப் படகுவீடுகளாக மாற்றி ஆலப்புழை சம்பாதித்ததைப் பார்த்த மாநிலம் அது. 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, வண்டியோடு வண்டி நிற்கும் பூங்காக்களையும் திட்டத்தில் சேர்த்தது. முதல் பூங்கா அடுத்த ஆண்டே வாகமண்ணில் திறந்தது. தமிழ்நாடு 2023ஆம் ஆண்டு சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவை முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

கேளம்பாக்கத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே போகிறவருக்குக் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், மரக்காணம் என்று கடலோடு ஒட்டி நிற்க ஆசை தூண்டும் ஊர்கள் அடுத்தடுத்து வரும். டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் ரிசார்ட்டுக்கும் குறைவில்லை. வண்டியை நிறுத்தி, குழாயைச் சொருகி, கழிவை இறக்கி, உள்ளேயே படுத்துறங்க ஒரு திடல் வேண்டுமானால் பெரும்பாலும் ரிசார்ட் வாசலில் அனுமதி கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.