சேற்று வயலின் செங்குருதிச் சிப்பி

பேராக்கையும் சிலாங்கூரையும் பிரித்துக்கொண்டு கடலை நோக்கி இறங்கும் பெர்ணம் ஆற்றின் வடகரையில் இருப்பது ஹுத்தான் மெலிந்தாங். ஊரின் உட்புறம் தோட்டங்கள், ஆற்றோரம் மீன்படகுகள். தோட்டத்துத் தமிழருக்கும் கடலோரத்துச் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் பொதுவான ஓர் உணவு உண்டென்றால் அது கெராங் என்னும் சிப்பியே. வறுத்த கோயித்தியாவில் இரண்டு கெராங் குறைந்தால் கடைக்காரரிடம் குறை சொல்லாதவர் அரிது. ஆயினும் அது காட்டு மீனைப் போல் தானாகக் கிடைப்பதன்று, நெல்லைப் போல் விதைத்து அறுக்கப்படுவது என்பதை உண்பவருள் பலர் அறியார்.

அந்த விதைப்பின் வரலாறு பேராக் கரையிலேயே தொடங்குகின்றது. ஹுத்தான் மெலிந்தாங்குக்கு வடக்கே, பாகான் பஞ்சோர் என்னும் மீனவக் குப்பத்தில், சீன மீனவர்கள் 1948 ஆம் ஆண்டளவில் இத்தொழிலைத் தொடங்கினர். சுங்கை சிப்புட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு நாடெங்கும் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட அதே ஆண்டு அது. சேற்றில் இயற்கையாக விழுந்த சிறு குஞ்சுகளை வாரி, காவல் உள்ள வேறொரு சேற்றுப் பரப்பில் படகிலிருந்து தூவினர். வளர வளர நெரிசலைக் கலைத்து அகலப் பரப்பினர். ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளில் நீண்ட காம்பு பூட்டிய கம்பிக் கூடையால் அரித்தெடுத்தனர். எந்த ஆராய்ச்சி நிலையமும் இதை அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

அறிவியல் பின்னால் வந்தது. டி. பதஞ்சலி, எம். கே. சூங் ஆகிய இருவரும் மலாயாவின் கெராங் வளர்ப்பைப் பற்றி 1958 இல் எழுதிய கட்டுரையே இத்துறையின் முதல் நூற்சான்றாக இன்றும் எடுத்துக் காட்டப்படுகின்றது. 1966 இல் பதஞ்சலி இவ்வுயிரின் வாழ்க்கை பற்றித் தனியே எழுதினார். 1980களின் முற்பகுதியில் எம். ஜே. புரூம் சிலாங்கூர்ச் சேற்றில் ஆராய்ந்து, நெருக்கம் மிகுந்தால் வளர்ச்சி குன்றும் என்பதை அளந்து காட்டினார். மீனவர் நெரிசலைக் கலைத்ததன் காரணம் இவ்வாறு முப்பது ஆண்டுகள் கழித்துக் கணக்கில் ஏறிற்று.

இவ்வுயிரின் உடலமைப்பு வியப்புக்குரியது. பெரும்பாலான சிப்பிகளின் குருதி நிறமற்றது. கெராங்கின் குருதியோ நம்முடையதைப் போன்றே சிவப்பு. உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அதில் உண்டு. உயிர்வளி குறைந்த சேற்றில் வாழ்வதற்கு அது பெருந்துணை. ஆனால் மற்றச் சேற்றுச் சிப்பிகள் பலவற்றுக்கு இருக்கும் நீண்ட நீர்க்குழல் இதற்கு இல்லை. எனவே ஆழப் புதைந்து வாழ இயலாது; சேற்றின் மேற்பரப்பை ஒட்டியே கிடந்து, செவுளால் நீரை வடித்து நுண்பாசியை உண்ண வேண்டும். மேலிருந்து வண்டல் அளவுக்கு மீறிப் படிந்தால் மூச்சு முட்டும். பெருமழையில் ஆற்றுநீர் பெருகி உப்பு குறைந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். மூடியிருக்கும் நேரமெல்லாம் பட்டினிதான். பட்டினி நீண்டால் வளர்ச்சி நிற்கும், பின் உயிரும் போகும்.

ஒன்றேகால் அங்குலத்துக்கு, அதாவது 31.8 மில்லிமீட்டருக்குக் குறைந்த கெராங்கை எடுக்கலாகாது என்னும் விதியும் உடலியலைத் தழுவியதே. அந்த அளவை எட்டுமுன்பே அது பருவமடைந்து விடுவதால், பிடிபடுமுன் ஒரு முறையேனும் இனம்பெருக்க வாய்ப்புண்டு.

நோயை அறிவது இதைவிடக் கடினம். மீனுக்குப் புண் தோன்றும்; இறாலுக்கு வெள்ளைப் புள்ளி தோன்றும். சிப்பியோ வாய் மூடியே நோயுறும், திறக்கும்போது இறந்திருக்கும். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாவில் ஆளிச்சிப்பிகள் மாண்டதற்கு வெப்பமே காரணம், எண்ணெய்க் கிணறுகளே காரணம் என்றெல்லாம் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், மேக்கின், ஓவன், காலியர் ஆகிய மூவரும் 1950 இல் ஓர் ஒட்டுண்ணியை அடையாளம் காட்டினர். 1952 இல் சாமி ரே எளிய சோதனை ஒன்றைக் கண்டார். சிப்பியின் தசைத் துணுக்கைத் தனிவகைக் கரைசலில் சில நாள் ஊறவைத்து அயோடின் இட்டால், ஒட்டுண்ணி கருநீலமாகத் தெரியும். பெர்கின்சஸ் என இன்று வழங்கும் அவ்வினத்தின் மற்றொரு வகை இந்திய முத்துச்சிப்பியிலும் இருப்பதாக 2010 இல் அறிவிக்கப்பட்டது.

பேராக், சிலாங்கூர்க் கரைகளில் நேர்ந்த வீழ்ச்சிக்கு அவ்வாறு ஒற்றைக் குற்றவாளியைச் சுட்டிவிட முடியவில்லை. 1980 இல் மலேசியாவின் கெராங் விளைச்சல் ஏறத்தாழ 120,000 டன். 2010 இல் அது சுமார் 78,000 டன். 2016 இல் 10,000 டன்னுக்கும் குறைவு. ஆறுகளில் வரும் அம்மோனியா, கரையோர மண்வேலைகள் கிளப்பும் வண்டல், குஞ்சு விழாத பருவங்கள் என ஆய்வாளர் கூறும் காரணங்கள் பல. இவ்விடத்தில் தோட்டங்களின் வரலாறும் குறுக்கிடுகின்றது. செம்பனை ஆலைக் கழிவுநீருக்கு மலேசியாவில் தனி விதிகள் பிறந்தது 1977 இல்தான். அதற்கு முந்திய தலைமுறையில் ஆலையின் கழிவு ஆற்றுக்கும், ஆற்றின் கழிவு கழிமுகத்துக்கும் தடையின்றிச் சென்றன. தோட்டத்தில் உழைத்தவனும் சேற்றில் விதைத்தவனும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நீரில் பிணைக்கப்பட்டிருந்தனர்.

குஞ்சுப் பஞ்சத்துக்கு மாற்று தேடும் முயற்சியும் புதிதன்று. 1980களிலேயே பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொட்டி நீரில் கெராங் குஞ்சு பெறப்பட்டது. ஆயினும் தொட்டிக்குஞ்சு சேற்று வயல்களை நிரப்பும் அளவுக்கு வளரவில்லை. விளைச்சல் சரிந்த ஆண்டுகளிலும், பாகான் பஞ்சோரின் முதல் விதைப்பாளரைப் போலவே, வளர்ப்போர் நம்பியிருந்தது சேற்றில் தானாக விழும் குஞ்சையே.